அசல் மருந்து

மருந்து போலி என்றால் வக்கீலுக்கு வேலை சுலபம். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் போலி மருந்துக்கு ஒரு பிரிவு, கலப்பட மருந்துக்கு ஒரு பிரிவு, லேபிளில் பொய் சொன்ன மருந்துக்கு ஒரு பிரிவு என்று வரிசையாக இருக்கின்றன. எதில் விழுகிறது என்று பார்த்து, ஆய்வக அறிக்கையை இணைத்து நடத்த வேண்டியதுதான். ஆனால் மருந்து அசல். லேபிளில் போட்ட அளவு அப்படியே பாட்டிலுக்குள் இருக்கிறது, காலாவதியும் ஆகவில்லை, கொடுத்தால் மட்டும் கேட்கவில்லை. இதற்கு எந்தப் பிரிவு? நாமக்கல் சார்பு நீதிமன்றத்தில் கோழிப் பண்ணைக்காரர் ஒருவருக்காக நான் நடத்திய பண வழக்கு முழுக்க இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நின்றது.

வழக்குப் போட்டது என் கட்சிக்காரர் இல்லை, அவர்மேல் போட்டார்கள். வாதி, கால்நடை மருந்து விற்கும் ஒரு பெரிய கடைக்காரர். கடனுக்கு வாங்கிய மருந்துக்கு ஏழு லட்சத்துச் சொச்சம் பாக்கி, வட்டியோடு வசூலித்துத் தரவேண்டும் என்பது பிராது. எங்கள் ஊரில் இது அதிசயமான வழக்கு இல்லை. மருந்துக் கடைக்கும் பண்ணைக்கும் நடுவில் ஓடுவது ரொக்கம் அல்ல, கணக்கு. குஞ்சு இறக்கும்போதே தடுப்பூசி, வைட்டமின், ஆன்டிபயாடிக் எல்லாம் கடையிலிருந்து வந்துவிடும். கோழி விற்றதும் கணக்குத் தீர்ப்பார்கள். விலை படுத்துவிட்டால் கடைக்காரர் ஒரு பேட்ச் பொறுத்துக்கொள்வார். அடுத்த பேட்சும் படுத்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். அப்படி வரும் வழக்குகளில் பெரும்பாலானவை சாட்சிக் கூண்டு வரைக்கும் போகாமலே ராசியாகிவிடும். மறுபடி குஞ்சு இறக்கினால் மறுபடி அந்தக் கடைக்குத்தானே போயாக வேண்டும்?

இவர் ராசிக்கு வரவில்லை. மோகனூர் பக்கம் பண்ணை. ஒருநாள் குஞ்சு வாங்கி, பதினாறு வாரம் வளர்த்து, முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு விற்பது தொழில். என்னைவிட மூத்தவர், பேச்சில் சத்தமே வராது. கடை பில்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார்.

“மருந்து நல்ல மருந்துதானுங்களாண்ணா?” என்று கேட்டேன்.

“கம்பெனி மருந்துங்க தம்பி. பாட்டில்ல குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க பணம் கட்டமாட்டேங்கறீங்க?”

“கேக்காத மருந்துக்கு எதுக்குங்க காசு?”

சட்டக் கல்லூரியில் சரக்கு விற்பனைச் சட்டத்தை நடத்திய பேராசிரியர் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். குஞ்சு இறக்கி இரண்டாவது வாரம் முடியும்போது ஷெட்டில் குஞ்சுகள் கூம்பிக்கொண்டு நின்றன. மூச்சில் கரகரப்பு. காலையில் பார்த்தால் மூலைக்கு மூலை செத்துக் கிடந்தன. கடைக்குப் போன் போனதும் கடையின் ஃபீல்டு ஆள் பைக்கில் வந்தார். செத்த குஞ்சில் நாலைந்தை ஷெட் வாசலிலேயே அறுத்துப் பார்த்தார். ஈரலையும் இருதயத்தையும் சுற்றி வெள்ளையாகப் படலம் போர்த்தியிருந்தது. “ஈகோலைதானுங்க, பயப்படாதீங்க” என்று சொல்லி, ஆபீஸ் அறைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். என்ரோஃப்ளாக்சசின் பத்து சதவீதக் கரைசல், ஒரு கம்பெனியின் பெயர் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி, ஐந்து நாள். ஐந்து நாளும் டேங்கில் கலந்து நிப்பிள் வழியாகக் குடித்தும் சாவு நிற்கவில்லை. அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார், அதற்கும் நிற்கவில்லை. கடைசியாகக் கொலிஸ்டின் கொடுத்தார்கள். அதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. மிஞ்சியதும் எடை பிடிக்கவில்லை.

இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் பண்ணைக்காரரின் மகன். இரட்டிப்பு அளவும் கேட்காத அன்று, செத்த குஞ்சுகளை ஐஸ் பெட்டியில் போட்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போய்க் கல்ச்சர் டெஸ்ட்டுக்குக் கொடுத்திருந்தார். சாதாரணமாக எங்கள் பக்கம் செத்த கோழி குழிக்குப் போகும், கல்லூரிக்குப் போகாது. அந்த அறிக்கை மட்டும் இல்லையென்றால் இந்த வழக்கை எடுத்திருக்கவே மாட்டேன். ஒரு பக்கம்தான். மருந்துப் பெயர் ஒரு பத்தியிலும், மில்லிமீட்டர் கணக்கு ஒரு பத்தியிலும், கடைசிப் பத்தியில் ஒற்றை எழுத்துகளும். என்ரோஃப்ளாக்சசினுக்கு நேராக ‘ஆர்’, அதாவது கிருமி அதற்கு அடங்காது. டெட்ராசைக்ளினுக்கும் ‘ஆர்’. வரிசையாக ‘ஆர்’ இறங்கி வந்து, கொலிஸ்டினுக்கு நேராக மட்டும் ‘எஸ்’, அதாவது அடங்கும்.

எதிர்வழக்குரையில் நான் பிடித்தது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பொதுவிதி, வாங்குகிறவன் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே. ஆனால், என்ன காரியத்துக்கு வேண்டும் என்று விற்பவனிடம் சொல்லி, அவன் தொழில் தேர்ச்சியை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்குத் தக்கதாக இருக்கும் என்ற நிபந்தனை, எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சரக்கைப் பயன்படுத்தித் தீர்த்த பிறகு திருப்பித் தர முடியாது. ஆனாலும் நிபந்தனை மீறப்பட்டது என்று காட்டி, விலையைக் குறைக்கவோ அடியோடு அழிக்கவோ பிரிவு 59 இடம் கொடுக்கிறது. பாதுகாப்பான வாதம் என்று சொல்லமாட்டேன். அதே பிரிவு 16-இலேயே எனக்கு எதிராக ஒரு காப்புரையும் இருந்தது. பொருளை அதன் வியாபாரப் பெயர் சொல்லி வாங்கியிருந்தால் அந்த நிபந்தனை கிடையாது. எங்கள் பில்கள் எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயர்தான் இருந்தது. செத்த கோழிகளுக்கான நஷ்டத்தைக் கேட்டு எதிர்க்கோரிக்கையும் போட்டோம், அதற்கு உரிய நீதிமன்றக் கட்டணம் கட்டி.

எதிர்த்தரப்பில் இருந்தவர் எங்கள் பாரில் மூத்த சீனியர், சிவில் வழக்கில் கரைகண்டவர். கடைக்காரரைக் கூண்டில் ஏற்றிப் பேரேட்டைச் சான்றாவணம் ஆக்கினார். கணக்குப் புத்தகம் மட்டும் ஒருவரைக் கடனாளி ஆக்கிவிடாது என்று அப்போது அமலில் இருந்த சாட்சியச் சட்டத்தின் பிரிவு 34 சொன்னது. அவருக்கு அது தெரியாதா? சலான்களையும் வரிசையாகக் குறியீடு செய்தார். அதோடு, அதே பேட்ச் எண் கொண்ட சீல் உடைக்காத பாட்டில் ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி வாங்கிய அறிக்கையையும் நீட்டினார். மருந்து தரமானது, அளவு சரி. நீதிமன்றத்தில் அதை வாசிக்கும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. நான் ஆட்சேபிக்கவில்லை. “அந்த ஆவணத்தைப் பிரதிவாதி ஒப்புக்கொள்கிறார்” என்று சொன்னபோது சீனியர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். மருந்தில் கோளாறு என்று நான் ஒரு வரிகூட எழுதவில்லையே. மருந்து சுத்தமாக இருக்க இருக்க, அது கேட்காமல் போனதற்குக் கிருமியைத் தவிர வேறு காரணம் இல்லாமல் போகிறது. அந்த அறிக்கை எனக்குத்தான் உதவியது.

அடுத்து ஃபீல்டு ஆள். பயந்த இளைஞர். கையெழுத்து தன்னுடையதுதான் என்று மறுக்காமல் ஒப்புக்கொண்டார். காலண்டர் தாள் எத்தனை நாள் கழித்தும் கிடைக்கும், அதில் அச்சடித்த தேதி எதையும் நிரூபிக்காது என்று சீனியர் எழுந்தார். சரியான ஆட்சேபணைதான். ஆனால் தாளின் தேதியும், சீக்கு வந்த பிறகு போட்ட முதல் பில்லின் தேதியும் ஒன்று. ராகு காலத்துக்குப் பக்கத்தில் எழுதியிருந்த மருந்துப் பெயரும், பில்லில் இருந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று.

“நீங்க கால்நடை மருத்துவரா?”

“இல்லீங்க சார். பி.எஸ்.சி.”

“கோழியை அறுத்துப் பார்த்து நோயைச் சொன்னது நீங்க?”

“அனுபவத்துல சொல்றதுங்க.”

“பிரதிவாதி இந்த மருந்துதான் வேணும்னு பேர் சொல்லிக் கேட்டாரா?”

கொஞ்ச நேரம் கடைக்காரர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். “இல்லீங்க. நான்தான் எழுதிக் குடுத்தேன்.”

வியாபாரப் பெயர்க் காப்புரை அந்த இடத்தில் விழுந்தது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் அல்லாதவர் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் சொல்வதைக் குறிப்பிட்டேன், அதை வைத்து அந்த இளைஞரை மேலும் குடையவில்லை. அவர் சம்பளத்துக்கு வந்தவர். பாட்டிலைக் கையில் கொடுத்து லேபிளைப் படிக்கச் சொன்னேன். வளர்ப்பு விலங்கின் தலைப்படம், ‘மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரி. இவை மருந்து விதி 97 கேட்பவை. 2012-இல் அந்த விதியில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். உணவுக்கான பிராணிகளின் மருந்தில், கடைசி வேளை கொடுத்து எத்தனை நாள் கழித்து இறைச்சியையும் முட்டையையும் எடுக்கலாம் என்று போட வேண்டும். தனியாகச் சோதித்து நிர்ணயிக்காத மருந்துக்கு முட்டை என்றால் குறைந்தது 7 நாள், கோழி இறைச்சி என்றால் 28 நாள். “இதைப் பண்ணைக்காரருக்குச் சொன்னீங்களா?” என்றதற்கு, “யாரும் கேக்கறதில்லீங்க சார்” என்றார். உண்மையான பதில். நீதிபதி அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னார்.

அதற்கு அடுத்த வாய்தாவில்தான் கால்நடை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சம்மன் பேரில் வந்தார். நிபுணர் சாட்சிகளில் இரண்டு ரகம் உண்டு. நீதிமன்றத்துக்குப் பாடம் எடுப்பவர்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்பவர்கள். இவர் இரண்டாவது ரகம். சோதனைத் தட்டின் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அகார் ஊற்றிய தட்டு, அதன்மேல் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சின்னச் சின்னக் காகித வில்லைகளை வைத்து ஒரு இரவு விட்டிருக்கிறார்கள். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி வட்டமாகத் தெளிந்து, கிருமி முளைக்காத வெற்றிடம் தெரியும். அதன் விட்டத்தைத்தான் மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறார்கள். என்ரோ வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. கிருமி வில்லையின் விளிம்பை ஒட்டி வளர்ந்திருந்தது. அறிக்கையில் ‘ஆர்’ என்று பார்ப்பதற்கும் இதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நீதிபதி படத்தைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

கிருமிக்கு இந்த எதிர்ப்பு எப்படி வருகிறது என்று கேட்டேன். கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டுக்கு மருந்தைத் தாங்கும் மாற்றம் தற்செயலாக இருக்கும், மருந்து மற்றதைக் கொன்று இதற்கு இடம் ஒழித்துக் கொடுக்கும் என்றார். தண்ணீரில் கலந்து கொடுப்பதில் ஒரு சிக்கலையும் சொன்னார். சீக்குக் கோழி தண்ணீர் குடிப்பது குறைந்துவிடும், நல்ல கோழி நன்றாகக் குடிக்கும். மருந்து யாருக்கு வேண்டுமோ அதற்குக் குறைவாகவும், வேண்டாததற்கு முழுசாகவும் போகும். பாதி அளவு மருந்தில் கிருமி முழுசாகச் சாவதில்லை, ஓரளவு தாங்குவது தப்பிப் பெருகுகிறது.

அப்போது நீதிபதி அம்மா குறுக்கிட்டார். “இந்த என்ரோ நாம சாப்பிடற மருந்தா?”

“மனிதர்களுக்குக் கொடுப்பதில்லை, அம்மா. ஆனா கோழியோட உடம்புக்குள்ள போனதும் அதில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினா மாறும்.”

“சிப்ரோவா?”

மூத்திரக் கடுப்பிலிருந்து வயிற்றுப்போக்கு வரை எதற்கும் கடையில் கேட்டு வாங்கும் பெயர். கோர்ட் ஹாலில் இருந்த எல்லோருக்கும், பெஞ்ச் கிளார்க் உட்பட, அது தெரியும். என்ரோவுக்கு அடங்காத கிருமி சிப்ரோவுக்கும் பெரும்பாலும் அடங்காது என்றார் பேராசிரியர். வேகவைத்தால் கிருமி சாகும். ஆனால் அறுக்கிற கை, வெட்டுகிற கட்டை, பண்ணை வேலையாள், வயலுக்குப் போகும் கோழி எரு என்று வேறு வழிகள் இருக்கின்றன. நான் கேட்காத கேள்வி அது. என் வழக்குக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ஹாலில் வழக்கின் எடை கூடிவிட்டது.

கொலிஸ்டினைப் பற்றியும் நீதிபதிதான் கேட்டார், ‘எஸ்’ என்று இருக்கிறதே, முதலிலேயே அதைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று. பேராசிரியர் இரண்டு சொன்னார். ஒன்று, அந்த ‘எஸ்’ எழுத்தை அப்படியே நம்ப வேண்டாம். கொலிஸ்டின் அகாரில் சரியாகப் பரவாது, வில்லைச் சோதனையில் ஏமாற்றிவிடும். தன் ஆய்வக அறிக்கையின் ஒரு வரியைத் தானே குறைத்துச் சொல்லும் சாட்சியை அன்றுதான் பார்த்தேன். மற்றொன்று, அது மனித வைத்தியத்தில் எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு எடுக்கும் மருந்து. 2015-இல் சீனாவில் கொலிஸ்டினைத் தாங்கும் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைப் பன்றியிலும் கோழி இறைச்சியிலும் ஈகோலையில் கண்டுபிடித்தார்கள். என்ரோவுக்கான எதிர்ப்பு பெரும்பாலும் கிருமியின் சொந்த மரபணுவில் வந்த மாற்றம். பிள்ளை பேரனுக்குத்தான் போகும். எம்.சி.ஆர்.-1 அப்படியல்ல, பிளாஸ்மிட் என்ற துண்டில் ஏறிச் சொந்தமில்லாத கிருமிக்கும் கைமாறும். முதலாவது வாரிசுச் சொத்து, இரண்டாவது யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கிற தானப் பத்திரம் என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

பிறகு சீனியர் எழுந்தார். பண்ணைக்காரரைக் கூண்டில் வைத்துக்கொண்டு, தன் கட்சிக்காரரின் பேரேட்டையே திருப்பிப் பிடித்தார்.

“ஒவ்வொரு பேட்சிலும் குஞ்சு இறக்கின மொத அஞ்சு நாள் இதே என்ரோவைக் குடுத்திருக்கீங்க, சரிதானே?”

“ஆமாங்க. எல்லாரும் குடுக்கறதுதானுங்க.”

“சீக்கு ஒண்ணும் இல்லாமலே?”

“வரக்கூடாதுன்னுதானுங்க குடுக்கறது.”

“அப்ப இந்தக் கிருமியை வருசக்கணக்கா மருந்து ஊத்தி வளர்த்தது உங்க பண்ணைதான்?”

என் கட்சிக்காரர் பதில் சொல்லவில்லை. நல்ல குறுக்கு விசாரணை. நானே அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மறுவிசாரணையில் ஒரே கேள்வி கேட்டேன், முதல் ஐந்து நாள் மருந்தைக் கொடுக்கச் சொன்னது யார் என்று. “கடையிலதானுங்க. குஞ்சு மருந்துன்னு செட்டாவே குடுத்து அனுப்புவாங்க.” பில்லில் பார்த்தால், குஞ்சு இறங்கிய தேதிகளில் எல்லாம் அதே செட்டு.

கிருமி எங்கே உருவானது என்று பேராசிரியரிடம் இரு தரப்பும் கேட்டோம். குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வந்திருக்கலாம், பழைய பேட்சின் எருவில் தங்கியிருக்கலாம், தண்ணீரில் வந்திருக்கலாம், பக்கத்துப் பண்ணையிலிருந்து எலியோ ஈயோ கொண்டுவந்திருக்கலாம். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். எதிர்க்கோரிக்கை அந்தப் பதிலோடு முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வாதுரைக்கு சீனியர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொண்டுவந்தார். 2017-இல் வெளியானது. பஞ்சாபில் 18 பண்ணைகளில் 530 கோழிகளிடமிருந்து எடுத்த ஈகோலையில் பல மருந்துகளுக்கும் எதிர்ப்பு பரவலாக இருந்ததைக் காட்டியது. இறைச்சிக் கோழிப் பண்ணைகளில் முட்டைக்கோழிப் பண்ணைகளைவிட அதிகம். “நாடு முழுக்க இதுதான் நிலைமை, யுவர் ஆனர். ஒரு கடைக்காரர் என்ன செய்வார்?” என்றார். நான் அதே கட்டுரையை எடுத்துக்கொண்டேன். நாடு முழுக்கத் தெரிந்த விஷயம், இதையே தொழிலாக வைத்திருப்பவருக்குத் தெரியவில்லை என்றால், அவருடைய தேர்ச்சியை நம்பித்தானே பண்ணைக்காரர் வாங்கினார்?

என் பக்கத்திலிருந்து நான் வைத்தது அமெரிக்க விவகாரம். அங்கே உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதே என்ரோஃப்ளாக்சசினைக் கோழிகளுக்கு 1996-இல் அனுமதித்தது. பேயர் கம்பெனியின் பேட்ரில். சில வருடங்களிலேயே, மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பைலோபேக்டர் கிருமியில் இந்த மருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்பு ஏறுவதைக் கண்டு, 2000 அக்டோபரில் அனுமதியை ரத்து செய்யப் போவதாக நோட்டீஸ் விட்டது. அதே குடும்பத்து மருந்தை விற்ற இன்னொரு கம்பெனி, அபாட், தானாக விலகிக்கொண்டது. பேயர் விசாரணை கேட்டது. முதலில் அரசுத் தரப்பு, மருந்தின் பாதுகாப்பைப் பற்றிச் சந்தேகம் எழுப்பும் புதிய ஆதாரத்தைக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனிக்கு மாறும். 2004 மார்ச்சில் நிர்வாகச் சட்ட நீதிபதி டேனியல் டேவிட்சன் அனுமதியை ரத்து செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார். நிர்வாகத்தின் ஆணையர் 2005 ஜூலையில் அதை உறுதிசெய்தார், 2005 செப்டம்பர் 12 முதல் அமல். கிருமி எதிர்ப்பைக் காரணம் காட்டி அந்த நாடு ஒரு கால்நடை மருந்தை விலக்கியது அதுவே முதல்முறை.

அந்த ஆவணத்தில் என்னை இழுத்தது நிரூபணச் சுமைதான். அங்கே யாரும், இந்தப் பண்ணையின் இந்தக் கோழிதான் இந்த ஆளுக்குக் கிருமியைக் கொடுத்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. கேம்பைலோபேக்டர் கோழியைப் படுக்கவும் வைக்காது. கோழி சும்மா சுமந்துகொண்டு போகும். ஆயிரக்கணக்கான கோழிகள் உள்ள ஷெட்டில் ஒன்றைப் பிடித்து மருந்து புகட்ட முடியாது, தண்ணீரில் கலந்து எல்லாவற்றுக்கும்தான் கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்கும்போது கோழிகள் சுமக்கும் கேம்பைலோபேக்டரில் எதிர்ப்பு வளர்ந்து மனிதர்களுக்கு வருகிறது என்ற பொதுவான ஆதாரமே போதுமாக இருந்தது. சிவில் கோர்ட்டில் அப்படி முடியாது. வாதி ஒருவர், பிரதிவாதி ஒருவர், நடுவில் பில். கிருமி வந்த வழி அந்த இருவருக்குள் அடங்காது. எங்கோ ஒரு ஷெட்டில், எவனோ ஊற்றிய மருந்தில் தேறிவந்த கிருமிக்கு யாரைப் பிரதிவாதியாகச் சேர்ப்பது? நீதிபதி அமெரிக்கத் தீர்மானத்தை முன்தீர்ப்பாக ஏற்க முடியாது என்றார். நானும் அப்படி ஏற்கச் சொல்லவில்லை. “ஆனால் படித்துப் பார்க்கிறேன்” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு 2019 தொடக்கத்தில் வந்தது. பண்ணைக்காரர் விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினார் என்பது காலண்டர் தாளாலும் வாதியின் சொந்தச் சாட்சியாலும் நிரூபணம். மருந்து தரமானதாக இருந்தாலும் சொன்ன காரியத்துக்குத் தக்கதாக இல்லை. ஆகவே சீக்கு வந்த பிறகு கொடுத்த என்ரோஃப்ளாக்சசினின் விலை முழுவதும் தள்ளுபடி. தடுப்பூசி, வைட்டமின், கொலிஸ்டின், முந்தைய பேட்ச் பாக்கி எல்லாவற்றுக்கும் வட்டியோடு வாதிக்குத் தீர்ப்பு. எதிர்க்கோரிக்கை தள்ளுபடி. கோழிகள் நோயால் செத்தன, மருந்தால் அல்ல. செலவு அவரவருக்கு.

தொகையாகப் பார்த்தால் நாங்கள் பெரிதாக ஜெயிக்கவில்லை. பிராதில் கேட்டதில் ஒரு சிறு பகுதிதான் கழிந்தது. முதல் ஐந்து நாள் ‘செட்டு’க்கான விலையையும் கட்டத்தான் வேண்டியிருந்தது. சீக்கே இல்லாதபோது கொடுத்த மருந்து கேட்டதா இல்லையா என்று யார் சொல்வது? வழக்குக்குள் எனக்கு மிகவும் உறுத்திய இடம் அதுதான், சட்டத்தால் தொடவே முடியாத இடமும் அதுதான். என் கட்சிக்காரருக்கு அந்த உறுத்தல் இல்லை. “கேக்காத மருந்துக்குக் காசில்லைன்னு எழுதிட்டாங்கல்லங்க, அது போதும்” என்றார். இரு தரப்பும் மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

அதே 2019 ஜூலை 19-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், உணவுக்கான பிராணிகளுக்கும், கோழிக்கும், மீன் வளர்ப்புக்கும், தீவனத்தில் கலப்பதற்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மருந்துச் சட்டம் 26ஏ பிரிவில் தடை விதித்தது. பொதுநலனுக்காக ஒரு மருந்தையே விலக்கும் அதிகாரம் அந்தப் பிரிவில் இருக்கிறது, அசலா போலியா என்ற கேள்வி அங்கே எழாது. எங்கள் தீர்ப்பில் முழு விலையும் கொடுக்கச் சொன்ன சரக்கு, ஆறேழு மாதத்தில் விற்கவே கூடாத சரக்காகிவிட்டது. கோர்ட் கேன்டீனில் சீனியர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்ரோவுக்கு அப்படி ஒரு தடை வரவில்லை.

கொஞ்ச காலம் கழித்து வேறொரு பண்ணைக்காரர் வேறொரு பாக்கி விவகாரத்துக்காக என்னிடம் வந்தார். அவர் கொடுத்த பில்களும் அதே கடையுடையவைதான். பில்லின் அடியில், முன்பு ‘தங்கள் நல்வரவுக்கு நன்றி’ இருந்த இடத்தில், புதிதாக ஒரு வரி பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: விற்ற மருந்தின் பலனுக்குக் கடை பொறுப்பல்ல. மறைமுக நிபந்தனைகளை வெளிப்படையான ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ளலாம் என்று அதே சட்டத்தின் பிரிவு 62 சொல்கிறது. யாரோ அதைக் கடைக்காரருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள், அனேகமாகச் சீனியர்தான். என் ஜூனியர் பெண் அந்தப் பில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார், சரக்கு கைமாறின பிறகு குடுக்கற பில்லுல இருக்கறது எப்படி ஒப்பந்தம் ஆகும்?” என்று கேட்டாள். அப்படித்தான் வாதாட வேண்டும் என்றேன். அந்த வழக்கு அந்தக் கட்டம் வரைக்கும் போகவில்லை, இரண்டாவது வாய்தாவிலேயே ராசியாகிவிட்டது.